பாம்புக்காது கமலக்கண்ணன்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் நின்றுகொண்டு கமலக்கண்ணன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் முழிப்பார்கள். பாம்புக்காது வீடு என்று கேட்டால் சைக்கிளை நிறுத்திவிட்டு வழி சொல்வார்கள். இப்படி ஒரு பட்டப்பெயர் விழுந்தால் சண்டைக்குப் போகிற ஆட்களும் உண்டு. கமலக்கண்ணன் அந்த ரகம் இல்லை. விசிட்டிங் கார்டு அடிக்கிற கடைக்காரர் விளையாட்டாக, "அதயும் சேத்துப் போட்டுடலாமா?" என்று கேட்டபோது, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்.

பெயர் வந்தது அம்மாவாசையின் ரேடியோ செட் கடையில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் கொண்டுபோய்க் கட்டுகிற கடை அது. கமலக்கண்ணன் மீசை முளைக்காத வயதில் அங்கே சேர்ந்தார். மரம் ஏறிக் குழாயைக் கட்டியவன், அதன் வாயில் காதை வைத்துக் கேட்டு, உள்ளே இருக்கும் தகடு கிழியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கீழே இறங்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். கேட்காமல் இறங்கிவிட்டுப் பிறகு கரகரத்தால், மறுபடி ஏறவேண்டியது அவன்தான். வலது கையால் கிளையைப் பிடித்துக்கொள்வதால் எல்லோருக்கும் இடது காதுதான் வாய்க்கும். கீழேயிருந்து அம்மாவாசை பாட்டைப் போடுவார். அது மூளைக்குள் போய் இடிக்கும். அதற்கு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை, அந்த வயதில் அது ஒரு பெருமையாகவும் இருந்தது.

ஒரு மாசி மகத்தன்று தெரு நெடுகக் குழாய் கட்டி எல்லாம் ஒன்றாகப் பாடிக்கொண்டிருந்தபோது, கமலக்கண்ணன் தெருமுனையில் நின்றபடியே, "அந்தப் புளியமரத்துக் குழாயில கிழிசல் இருக்குது" என்றார். அம்மாவாசை நம்பவில்லை. ஏறிப் பார்த்தால் தலைமயிர் அளவுக்குக் கிழிசல். "அடப்பாவி, உனக்குப் பாம்புக்காதுடா" என்றார். அன்றைக்கு ஒட்டியது இன்றுவரை உதிரவில்லை.

பிற்பாடு அவர் கம்ப்யூட்டர் பக்கம் போனார். இரண்டாயிரத்துக்கு மேல் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் வந்த வீடுகளில் சிலருக்குத் தன் குரலைத் தானே பதிவு செய்து பார்க்கும் ஆசையும் கூடவே வந்தது. சின்ன மைக் ஒன்று, ஆடியோ கார்டு ஒன்று, எங்கிருந்தோ யாரோ எழுதிக்கொடுத்த சி.டி.யில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்தால் ஸ்டூடியோ. மூன்றும் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்தால் அது அதிசயம். அதிசயம் நடக்காத வீடுகளுக்கெல்லாம் கமலக்கண்ணன் தன் டி.வி.எஸ். வண்டியில் போய் வந்தார். அய்யப்பன் பாட்டு ஆல்பம் போடுகிற அரிசி மண்டிக்காரர், கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிற பாட்டு வாத்தியார், பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவரின் மகன் என்று பலதரப்பட்ட வாடிக்கையாளர்கள். அந்த மகன் பாரீசிலிருந்து கொண்டுவந்த பெட்டி, கோளாறு என்றால் பிரெஞ்சில்தான் சொல்லும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அதை வாசித்துத் தமிழில் சொல்வார். கமலக்கண்ணன் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் ஏற்கெனவே கண்டுபிடித்ததையே செய்வார்.

அவர் வீட்டுக்குள் நுழைவது ஒரு காட்சி. என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "ஃபேன நிறுத்துங்க, யாரும் வாயத் தொறக்காதீங்க" என்பார். கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, இடது காதை ஸ்பீக்கருக்குக் கொடுப்பார். பிறகு தீர்ப்பு வரும். அடியில் ம்ம் என்று ஓடினால் எர்த் இல்லை என்று அர்த்தம். சுவரில் இரண்டு ஓட்டை பிளக்தான் இருக்கிறது என்பதற்காக மூன்று பின்னில் பெரியதை யாரோ உடைத்துப் போட்டிருப்பார்கள். கரகர என்றால் கடல்காற்றில் ஜாக் பச்சை பூத்திருக்கும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் சாஃப்ட்வேரில் பஃபர் என்கிற சேமிப்பு அளவைக் கூட்ட வேண்டும். பாடியவரின் குரல் தாளத்துக்குப் பின்னால் தள்ளாடிக்கொண்டு வந்தால் ஆடியோ கார்டை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும். பெரும்பாலும் சொன்னது சரியாகவே இருக்கும். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே அவர் கண்ணைக் கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் தெருமுனை வேம்புவின் டீக்கடையில் உட்காருவார். அங்கே அவருக்கு ஒரு நிரந்தரப் புலம்பல் உண்டு. "ஊரு பூரா சிமெண்ட்டு பூசிட்டானுங்க வேம்பு. முன்னெல்லாம் மழை பேஞ்சா சில்வண்டு காதக் கிழிக்கும். இப்ப ஒண்ணு கூட இல்ல. எல்லாத்தயும் கொன்னுட்டானுங்க." வேம்பு டீயை ஆற்றிக்கொண்டே, "ஆமாண்ணா, கலிகாலம்" என்பான். நாலு வருஷம் கேட்டதில் அது அவனுடைய கருத்தாகவே ஆகிவிட்டது. மற்றவர்களிடம் அவனே எடுத்துவிடுவான்.

இரண்டாயிரத்து ஆறு புரட்டாசியில், கடலோரக் குப்பமான பிள்ளைச்சாவடியிலிருந்து வினோதா போன் செய்தாள்.

வினோதாவுக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்ததே கமலக்கண்ணன்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா தில்லையம்மாள் காலையில் டவுனில் மீன் விற்று, மத்தியானம் கூடையைக் கழுவிக் கவிழ்ப்பவள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டே அறைகள். பின்னறையில் பழைய வலைகளை மூட்டையாகக் கட்டிச் சுவர் நெடுக அடுக்கி, அதுதான் ஸ்டூடியோ என்று வைத்துக்கொண்டாள். எதிரொலி அடங்குவதற்கு வலையைப் போல எதுவும் இல்லை என்று கமலக்கண்ணனே மெச்சியிருக்கிறார். கல்லூரி முடித்த அந்தப் பெண்ணுக்குக் கதை சொல்லும் குரல் வாய்த்திருந்தது. சென்னையில் குழந்தைகளுக்கான கதை சி.டி. போடுகிற ஒருவர், அவள் அனுப்பிய மாதிரியைக் கேட்டுவிட்டு, ஒரு முழு சி.டி.யையே அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதில்தான் இடி விழுந்தது.

"பின்னாடி விசில் மாதிரி ஒரு சத்தம் வருதாம்ணா. எனக்கும் கேக்குது. தீவாளிக்குள்ள சரிபண்ணி அனுப்பலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்னுட்டாரு" என்றாள்.

கமலக்கண்ணன் அன்று சாயங்காலமே போனார். முன்னறையில் தில்லையம்மாள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் அவர் வழக்கம்போல ஃபேனை நிறுத்தச் சொன்னார், கண்ணை மூடினார், இடது காதைக் கொடுத்தார். வினோதா பதிவைப் போட்டாள். நரியும் நண்டும் பேசிக்கொள்கிற கதை. சுத்தமாக இருந்தது.

"ஒண்ணுமில்லியே" என்றார்.

"இதோ, இப்பக்கூட வருதுண்ணா. கீ...ன்னு, மெல்லிசா, ஊசி மாதிரி."

"உனக்கு மனசுல பட்டுப்போச்சு, அதான். சரி, எதுக்கும் ஒயர மாத்துறேன்."

ஒயரை மாற்றினார். சத்தம் போகவில்லை என்று மறுநாள் போன் வந்தது. ஆடியோ கார்டை மாற்றினார். டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றித் தூசு தட்டினார். ஒருநாள் காலையில் போனபோது வினோதாவே, புதிதாகப் பேசிப் பதிந்து பார்த்துவிட்டு, இப்போது இல்லை என்றாள். அவர் வெற்றியோடு வண்டியை எடுத்தார். அன்று சாயங்காலம் மறுபடி போன் வந்தது. இந்தப் பெண் நம்மை வைத்து விளையாடுகிறதா என்று அவருக்குக் கோபம் வந்தது.

கடைசியில், கீச்சென்ற மேல் சத்தங்களை வெட்டுகிற, பிளக்இன் என்ற துணை சாஃப்ட்வேர் ஒன்றை எல்லாப் பதிவுகளின் மேலும் போட்டு, "இனிமே கேக்காது" என்று சி.டி. எழுதிக் கொடுத்தார். எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாராளமாக வெட்டினார். சென்னைக்காரர் கேட்டுவிட்டு, போர்வைக்குள் புகுந்துகொண்டு கதை சொன்னதுபோல இருக்கிறது, குழந்தைகள் தூங்கிவிடும் என்று திருப்பினார்.

அப்போது கமலக்கண்ணன் ஒரு காரியம் செய்தார். தில்லையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்குக் காதுல எதனா இரைச்சல் இருக்கும் போலக்குது. பெரியாஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னாரா என்றால் இல்லை. தனக்குக் கேட்காத சத்தம் ஒன்று இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இருபத்தைந்து வருஷமாக ஊரே பாம்புக்காது என்று சொல்லும்போது எப்படித் தோன்றும்?

தில்லையம்மாள் மீன் வியாபாரத்தை ஒருநாள் விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்தமுறை அவர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, டாக்டரம்மா மிசினு வெச்சுப் பாத்துட்டாங்க. இந்தப் பொண்ணுக்கு நாய்க்குக் கேக்குறது கூடக் கேக்கும் போலக்குதேன்னு சிரிக்கிறாங்க. ஒரு நாள் பொழப்பு போச்சு. நீ என்னான்னா இரைச்சல்ங்கிற!"

கமலக்கண்ணன் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போனார். வினோதாவின் முகம் வாடியிருந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. "ஹெட்போன்ல ஒருவாட்டி முழுசாக் கேட்டுடலாம்" என்று ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சாஃப்ட்வேரில் வெறும் சத்தத்தை மட்டும் உண்டாக்குகிற பிளக்இன் ஒன்று உண்டு. அதைத் திறந்து, விசில் அளவுக்கு உயரமான ஒரு சத்தத்தை ஓடவிடச் சொன்னார். திரையில் பச்சைக் கட்டம் ஏறி இறங்கியது. காதில் எதுவும் விழவில்லை.

"கேக்குதாண்ணா?" என்றாள் வினோதா.

பச்சைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "ம், நல்லாத்தான கேக்குது" என்றார். "ஹெட்போன்ல கோளாறு இல்ல."

வினோதா குனிந்தாள். கீழே தொங்கிக்கொண்டிருந்த ஜாக்கை எடுத்து அவருக்குக் காட்டினாள். "அண்ணா, இது இன்னும் சொருகவே இல்ல" என்றாள். குரலில் கிண்டல் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சொருகி ஓடவிட்டுப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரை அங்கேயே மறந்துவிட்டு, அவர் வண்டியை எடுத்தார்.

மறுநாள் முற்பகல் வீட்டில் தன்னுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மனைவி பூர்ணிமா முன்பக்கம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அதே பிளக்இன்னைத் திறந்து, அடிமட்டத்திலிருந்து சத்தத்தை மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். உறுமல், ஊதல், பிறகு சீழ்க்கை. எல்லாம் கேட்டது. இன்னும் ஏற்றினார். ஒரு இடத்தில் சத்தம் இளைத்தது, அப்புறம் இல்லாமல் போனது. பச்சைக் கட்டம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் போயிருக்கும் என்று வால்யூமைக் கூட்டினார். ஒன்றுமில்லை. முழுக்கத் திருகினார். அறை அமைதியாக இருந்தது.

பூர்ணிமா தையல் மிஷினைப் போட்டது போட்டபடி விட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "இன்னாங்க பண்றீங்க? மண்டையில ஊசி எறக்குற மாதிரி இருக்குது. நிறுத்துங்க முதல்ல!"

நிறுத்தினார். அவள் கையைக் காதிலிருந்து எடுத்தபோதுதான் சத்தம் நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

"எனக்குக் கேக்கல பூர்ணிமா" என்றார்.

அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "செல்லு அடிச்சா நான் உள்ளேருந்து வந்து வந்து சொல்றேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவர் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. அவளுக்குத்தான் போன் என்றால் ஆர்வம் என்று நினைத்திருந்தார். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கீழ்ச் சத்தங்களில் இன்றைக்கும் அவரை அடிக்க ஆள் இல்லை, அது உண்மை. ஆனால் பாம்புக்காதுக்குக் காது கேட்கவில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஊர்வாய் அதை மென்றுவிடும். பிறகு எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? இந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு முதல் எதுவும் கிடையாது.

தப்பிக்கவும் வழி இருந்தது. மதர்போர்டு போய்விட்டது, இனி தேறாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று சொன்னால் முடிந்தது. யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். மீன் விற்கிற வீடு புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதற்குள் தீபாவளி போய்ப் பொங்கல் வந்துவிடும். மத்தியானம் முழுக்க இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நடுவில் வந்தது.

மழை விட்டதும் வண்டியை எடுத்தார். கோட்டக்குப்பம் தாண்டி கடற்கரைச் சாலையில் போகும்போதுகூட மதர்போர்டு பக்கம்தான் மனசு சாய்ந்துகொண்டிருந்தது. வினோதா கதவைத் திறந்தாள்.

"பாப்பா," என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல். "உன் காதுல ஒண்ணுமில்ல. அந்தச் சத்தம் எனக்குத்தான் கேக்கல. வயசாயிடுச்சா, கொழாய் கட்டுனதான்னு தெரியல. நீ கேட்டுக் கேட்டுச் சொல்லு, நான் தேடுறேன்."

வினோதா கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வழிவிட்டாள். "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான். இந்த ஒரு வார்த்தைக்கா மத்தியானம் பூரா தவித்தோம் என்று அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"இப்ப இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

கம்ப்யூட்டரை முழுக்க அணைத்தார். ஸ்பீக்கரின் பிளக்கையும் பிடுங்கினார். "இப்ப?"

வினோதா தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அவள் முகம் மாறியது. "இன்னும் இருக்குது! கம்ப்யூட்டரு ஓடாமலே இருக்குதுண்ணா!"

கமலக்கண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒயர், கார்டு, டிரைவர், பிளக்இன் என்று அவர் தூக்கிலிட்டதெல்லாம் ஒரு பாவமும் அறியாதவை. இருந்த சத்தத்தை இருந்தபடி மைக் பிடித்துக் கொடுத்திருக்கிறது. ஃபேனை நிறுத்தினார், டியூப்லைட்டை நிறுத்தினார். ஒவ்வொன்றுக்கும் "இப்ப?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "இருக்குது" என்றாள். பிறகு அவளே வாசனை பிடிக்கிறவள் போல மூலைமூலையாக நடந்து, வலை மூட்டைகள் அடுக்கிய சுவரிடம் வந்து நின்றாள். "இங்கதான் ஜாஸ்தி" என்றாள்.

அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் முன்னறை. போய்ப் பார்த்தார்கள். சுவரை ஒட்டி டி.வி. எதிரே தில்லையம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் நகை போட்ட இரண்டு பெண்கள் கைநீட்டிச் சண்டை போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"ஏம்மா, டி.வி.ய நிறுத்துங்க" என்றார் கமலக்கண்ணன்.

"நான்தான் சத்தமே வெக்கலியே தம்பி!" என்றாள் தில்லையம்மாள். "பாப்பா ரெக்கார்டு பண்ணுதுன்னு இந்த ஆறு மாசமா வாயப் பாத்தேதான் கதயப் புரிஞ்சிக்கிறேன். என்னிக்காவது சத்தம் வெச்சிருப்பேனா, நீயே பாப்பாவக் கேளு!"

அவர் எட்டி சுவிட்சை அணைத்தார். "நின்னுடுச்சு!" என்று வினோதா கத்தினாள். போட்டார். படம் வருவதற்கு முன்னாலேயே, "வந்துடுச்சு" என்றாள். அணைத்தார், போட்டார், அணைத்தார். தில்லையம்மாளின் சீரியல் துண்டு துண்டாகப் போனது. காலையில் ஏன் சத்தம் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. காலையில் அவள் மீன் கூடையோடு டவுனில் இருப்பாள்.

டி.வி.யின் குண்டு போன்ற பிக்சர் டியூபுக்குத் தன்னுடையதாக ஒரு மெல்லிய விசில் உண்டு. ஸ்பீக்கருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, சத்தத்தை முழுக்கக் குறைத்தாலும் அது பாட்டுக்குப் பாடும். கமலக்கண்ணனுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. இளவயதில் தெருவில் நடந்துபோகும்போதே எந்த வீட்டில் டி.வி. ஓடுகிறது என்று சொல்வார். பிறகு அந்த விசில் நின்றுபோனது. கம்பெனிக்காரன் இப்போதெல்லாம் நன்றாகச் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் அதை விளக்கி முடித்ததும் தில்லையம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப நான் பேச்சில்லாமப் பாத்ததே வீணா?" என்றாள். அடுத்த வீட்டு ஆயம்மா வீட்டில் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. சத்தத்தோடு பார்க்கலாம் என்றதும் அவளுக்கு வருத்தம் பாதி குறைந்தது. போன சுருக்கில் சீரியல் முடிந்து திரும்பி வந்து, வாசலிலிருந்தே சொன்னாள்: "அடியே, அவ இவளுக்கு அக்கா இல்லியாம்டி, மாமியாராம்! நான் ஆறு மாசமா அக்கான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

அதற்குள் வினோதா நரியும் நண்டும் கதையைப் புதிதாகப் பேசி முடித்திருந்தாள். நண்டின் குரல் மணல் வளைக்குள்ளிருந்து வருவதுபோலவே இருந்தது. ஹெட்போனில், இந்தமுறை ஜாக்கைச் சொருகிவிட்டுத்தான், முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். கமலக்கண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வதற்குப் பதிலாக, தீர்ப்புக்குக் காத்திருப்பது அவருக்குப் புதிது.

"விசிலு சுத்தமா இல்லண்ணா" என்றாள். "கடைசியில மட்டும் சில்வண்டு சத்தம் விழுந்திருக்குது. அது ஒண்ணுமில்ல, ஜன்னல மூடிட்டு இன்னொருவாட்டி பேசிடுறேன்."

"சில்வண்டா?"

"ஆமாண்ணா. வெளிய கத்துதே."

"எப்ப?"

"இதோ, இப்பதான். மழ பேஞ்சாலே கச்சேரிதான இங்க?"

அவர் எழுந்து வெளியே போனார். இருட்டத் தொடங்கியிருந்தது. வேலியோரம் ஈரப்புல், அதற்கப்பால் மணல். கடல் இரைவது அவருக்கு ஒரு பிசிறில்லாமல் கேட்டது. ஆயம்மா வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவதும் கேட்டது. தலையைச் சாய்த்து இடது காதைக் கொடுத்துப் பார்த்தார். வலது காதையும் கொடுத்துப் பார்த்தார். வினோதா பின்னாலேயே வந்து நின்று, "எம்மாஞ் சத்தம்!" என்றாள். குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. எத்தனை வருஷமாகத் தன்னைச் சுற்றி இது நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் கணக்குப் போடப் பார்த்தார், முடியவில்லை. இதுவரை வராத துக்கம் அப்போதுதான் வந்தது. ஜன்னலை மூடிவிட்டுப் பேசச் சொல்லிக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் பூர்ணிமாவைக் கேட்டார். "நம்ம தெருவுல சில்வண்டு கத்துதா?"

அவள் காது கொடுத்துக் கேட்கக்கூட இல்லை. "கத்துதே. பின்பக்கம் வாழமரத்துல ஒரே கூட்டம்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். நீங்க ஊரு பூரா இல்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. சொன்னா, உனக்குத்தான் இரைச்சல்னுவீங்க. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

வினோதாவின் சி.டி. சென்னைக்குப் போனது. தீபாவளிக்கு மறுநாள், அடுத்த சி.டி.க்கும் அவளே பேச வேண்டும் என்று போன் வந்தது. தில்லையம்மாள் பெரிய வஞ்சிரம் ஒன்றை வெட்டிச் சுத்தம் செய்து முத்தியால்பேட்டைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவருடைய காதைப் பற்றி நலம் விசாரித்தாள். நல்ல மனசோடுதான் விசாரித்தாள், ஆனால் தெரு முழுக்கக் கேட்கும் குரலில் விசாரித்தாள். பூர்ணிமாதான் அவசரமாக மீனை வாங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போனபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. புதிதாகக் குடிவந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேம்பு அவருக்கு ஊர் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தான். "முன்னெல்லாம் மழை பேஞ்சா சில்வண்டு காதக் கிழிக்கும் சார். இப்ப ஒண்ணு கூட இல்ல. சிமெண்ட்டு பூசியே கொன்னுட்டானுங்க. வேணும்னா அண்ணனக் கேளுங்க. பாம்புக்காது அவருக்கு."

புதியவர் மரியாதையோடு கமலக்கண்ணன் பக்கம் திரும்பினார்.

கமலக்கண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "கத்துது வேம்பு" என்றார். "எனக்குத்தான் கேக்கல. நீ கேட்டுப் பாரு."

வேம்பு இரைந்துகொண்டிருந்த பம்ப் அடுப்பின் காற்றைக் குறைத்தான். நாலு வருஷத்தில் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டான். "அட, ஆமாண்ணா" என்றான். கமலக்கண்ணன் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டார்.